உள்ளீடு எரிந்த ஸ்பெக்ட்ரம் அனலைசர்: மூடியைக் கழற்றும் முன்னும் பின்னும்

சிக்னலைக் குறைவாகக் காட்டுகிறது என்று ஒரு பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று திரையில் காட்டும் கருவி) மேசைக்கு வந்தால், முதல் சந்தேகம் உள்ளீட்டின் மேல்தான். 5 வாட் வாக்கிடாக்கியை நேராகச் செருகி யாராவது பிடிடி (பேசும்போது அழுத்தும்) பொத்தானை அழுத்தியிருப்பார்கள். 5 வாட் என்பது +37 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 ஆகக் கொண்ட டெசிபல் அளவு). இந்த வகைக் கருவிகளின் முகப்பில் பெரும்பாலும் +30 டிபிஎம், அதாவது 1 வாட் என்றுதான் வரம்பு அச்சிட்டிருக்கும். அதுவும் அட்டெனுவேட்டர் (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் பாகம்) 10 டிபியிலோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும். 0 டிபியில் இருந்தால் அத்தனை சக்தியும் மிக்சரின் (சிக்னலை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றும் பாகத்தின்) டயோடுகளுக்கே போகும்.

எடுத்துக்காட்டுக்கு ஹெச்பி 8591இ மாடலை வைத்துக்கொள்வோம். 9 கிலோஹெர்ட்ஸ் முதல் 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும் கருவி இது. பாதை எளிது: உள்ளீடு, அட்டெனுவேட்டர், லோ பாஸ் ஃபில்டர், முதல் மிக்சர். அதன்பின் 2.1214 கிகாஹெர்ட்ஸ், 321.4 மெகாஹெர்ட்ஸ், 21.4 மெகாஹெர்ட்ஸ் என மூன்று ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) நிலைகள். இதே அமைப்புள்ள மற்ற கருவிகளுக்கும் கீழே உள்ள முறை பொருந்தும். எண்கள் மட்டும் மாறும். ஹெச்பியின் அளவீட்டுக் கருவிகள் 1999இல் அஜிலென்ட், 2014இல் கீசைட் என்று பெயர் மாறிவிட்டன. பழைய மாடல்கள் பலவற்றின் சர்வீஸ் கையேடுகள் கீசைட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் மாடலுக்கானதை இறக்கி வையுங்கள்.

மூடியைத் தொடும் முன்

கருவியை 30 நிமிடம் ஓடவிடுங்கள். ஆனால் உடனே சுய அளவுத்திருத்தத்தை ஓட்டிச் சேமித்துவிடாதீர்கள். பலரும் முதலில் செய்வது அதைத்தான். கெட்ட அட்டெனுவேட்டரை வைத்து எடுத்த திருத்த எண்கள் நினைவகத்தில் ஏறினால், தடயம் அழிவதோடு பழைய நல்ல எண்களும் போய்விடும்.

முகப்பில் உள்ள கேல் அவுட் (அளவுத்திருத்த சிக்னல் வெளியீடு) முனையில் 300 மெகாஹெர்ட்ஸ், −20 டிபிஎம் சிக்னல் வரும். அதைக் குட்டையான கேபிளால் உள்ளீட்டில் இணைத்து, மைய அதிர்வெண் 300 மெகாஹெர்ட்ஸ், ஸ்பான் (திரையில் தெரியும் அதிர்வெண் அகலம்) 1 மெகாஹெர்ட்ஸ், ரெசல்யூஷன் பேண்ட்விட்த் 10 கிலோஹெர்ட்ஸ், ரெஃபரன்ஸ் லெவல் −20 டிபிஎம் என்று வையுங்கள். அட்டெனுவேட்டரைக் கையால் 0, 10, 20 என்று 60 டிபி வரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சிக்னல் உச்சத்தையும் இரைச்சல் தரையையும் (சிக்னல் இல்லாத இடத்தில் தெரியும் அடிமட்டக் கோடு) எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல கருவியில் சிக்னல் அசையாது. முன்னால் குறைத்ததைக் கருவி பின்னால் ஐஎஃப் கெயினை ஏற்றி ஈடுசெய்துவிடும். இரைச்சல் தரை மட்டும் படிக்கு 10 டிபி உயரும். மாறாக, சில படிகளில் மட்டும் சிக்னல் விழுந்தால் எந்தப் பேட் (குறிப்பிட்ட டிபி அளவு குறைக்கும் ரெசிஸ்டர் தொகுதி) எரிந்தது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். அட்டெனுவேட்டருக்குள் 10, 20, 40 டிபி என்று மூன்று பேட்கள் இருப்பதாகக் கொள்வோம். 10, 30, 50 ஆகிய படிகள் தவறினால் 10 டிபி பேட். 20, 30, 60 தவறினால் 20 டிபி பேட். 40, 50, 60 தவறினால் 40 டிபி பேட். சில மாடல்களில் 40க்குப் பதில் 30 இருக்கும், அல்லது இரண்டு 20 இருக்கும். கையேட்டைப் பார்த்து இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாப் படிகளிலும் ஒரே அளவு குறைகிறது, இரைச்சல் தரை வழக்கம்போல் இருக்கிறது என்றால், கோளாறு எல்லாப் படிகளுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது. இணைப்பி, டிசி தடுக்கும் கெபாசிட்டர், ஃபில்டர், கேபிள், மிக்சர் ஆகிய ஐந்தில் ஒன்று. இரைச்சல் தரையும் சேர்ந்தே விழுந்திருந்தால் ஐஎஃப் பக்கம் போங்கள். அது வேறு வேலை.

அடுத்து மைய அதிர்வெண்ணை 0 ஹெர்ட்ஸில் வையுங்கள். அங்கே லோக்கல் ஆசிலேட்டரின் (மிக்சருக்கு அதிர்வெண் கொடுக்கும் உள் ஆசிலேட்டரின்) கசிவு ஒரு கம்பமாக நிற்கும். இது மிக்சரிலேயே பிறப்பது, அட்டெனுவேட்டர் வழியாக வருவதில்லை. ஆகவே கசிவு வழக்கமான உயரத்தில் இருந்து சிக்னல் மட்டும் குறைந்தால், கோளாறு பெரும்பாலும் மிக்சருக்கு முன்னால். கம்பம் காணாமல் போயிருந்தாலோ வழக்கத்தைவிட மிக உயர்ந்திருந்தாலோ மிக்சரைச் சந்தேகியுங்கள். டயோடு ஒன்று போனால் சமநிலை கெட்டுக் கசிவு ஏறும்.

சிக்னல் ஜெனரேட்டர் கையில் இருந்தால் இன்னொரு சோதனை. −20 டிபிஎம் சிக்னலை 30, 300, 1000 மெகாஹெர்ட்ஸ்களில் கொடுத்துக் குறைவை அளவிடுங்கள். பாதை எங்காவது முழுதாக அறுந்திருந்தால் சிக்னல் அந்த இடைவெளியைச் சிறு கெபாசிட்டர் போலத் தாண்டும். இடைவெளி 0.5 பிகோஃபாரட் என்று வைத்தால் 30 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 40 டிபி, 300இல் 20 டிபி, 1000இல் 10 டிபி குறையும். அதிர்வெண் ஏற ஏறக் குறைவு இப்படித் தேய்ந்தால் பாதை அறுந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைந்தால் ரெசிஸ்டர் மதிப்பு மாறியிருக்கிறது. அட்டெனுவேட்டரை மாற்றி மாற்றி வைக்கும்போது அளவு ஒவ்வொரு தடவையும் 1 முதல் 3 டிபி வரை வேறுபட்டால், அது தீய்ந்த பேட் அல்ல, தொடுமுனை அழுக்கு. அந்தப் படியை நூறு முறை முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

உள்ளே போகும்போது

மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் ஸ்விட்சிங் பவர் சப்ளையின் முதன்மைக் கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம். ஐந்து நிமிடம் பொறுத்து, மீட்டரால் பார்த்துவிட்டே கை வையுங்கள். சிஆர்டி திரையுள்ள கருவியில் அதன் உயர் மின்னழுத்த வயருக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். 1 மெகாஓம் உள்ள ஆன்ட்டிஸ்டாட்டிக் மணிக்கட்டுப் பட்டை கட்டாயம். மைக்ரோவேவ் ஷாட்கி டயோடுகளில் பலவற்றின் பிரேக்டவுன் 4 வோல்ட் அளவிலேயே இருக்கிறது. நைலான் சட்டையில் உரசிய கையால் தொட்டாலே அது போய்விடும். எரிந்தது அட்டெனுவேட்டர் மட்டும்தான் என்றாலும் மிக்சரையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகும். இன்னொன்று: பழைய கருவிகள் பல, திருத்த எண்களை பேட்டரி தாங்கும் நினைவகத்தில் வைத்திருக்கின்றன. அந்தக் கார்டைக் கழற்றவோ பேட்டரியை எடுக்கவோ கூடாது.

எஸ்எம்ஏ இணைப்பிகளை (பாகங்களுக்கு இடையே கேபிளைத் திருகி இணைக்கும் சிறு ஆர்எஃப் இணைப்பிகள்) 8 மி.மீ. ஸ்பேனரால் கழற்றுங்கள். நட்டை மட்டுமே திருப்ப வேண்டும். கேபிள் கூடவே சுழன்றால் நடுப்பின் தேயும். செமிரிஜிட் (விறைப்பான உலோக உறையுள்ள) கேபிளை வளைத்து ஒதுக்காதீர்கள். இரு முனைகளையும் தளர்த்தி முழுதாக வெளியே எடுத்து வையுங்கள்.

இப்போது தீர்மானமான சோதனை. அட்டெனுவேட்டரையும் ஃபில்டரையும் விலக்கி, மிக்சரின் உள்ளீட்டுக்கு ஜெனரேட்டரிலிருந்து −30 டிபிஎம் நேராகக் கொடுங்கள். ஜெனரேட்டர் வெளியீட்டில் டிசி இல்லை என்று முன்பே உறுதிசெய்திருக்க வேண்டும். முகப்பில் அட்டெனுவேட்டர் 0 டிபி. திரையில் ஏறக்குறைய −30 வந்தால் மிக்சரும் அதற்குப் பின்னால் உள்ளவையும் நலம். அதன்பின் மிக்சர் பக்கம் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோகாதீர்கள்.

அட்டெனுவேட்டரை ஓம் மீட்டரால் அளப்பது

ஆர்எஃப் பாகத்தை ஓம் மீட்டரால் சோதிப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பேட் என்பது மூன்று ரெசிஸ்டர்கள்தான், டிசியிலும் அதே கணக்கு. சோலனாய்டு (படிகளை மாற்றும் மின்காந்தச் சுருள்) ரிப்பன் கேபிளைச் செருகியபடியே விட்டால் முகப்புப் பொத்தானால் படியை மாற்றலாம். இரு எஸ்எம்ஏ முனைகளும் வெறுமையாக இருக்கட்டும். மீட்டர் வயரின் 0.2 ஓம் அளவைக் கழித்துவிடுங்கள்.

மறுமுனை திறந்திருக்கும்போது 10 டிபி பேட் 61.1 ஓம் காட்ட வேண்டும், மறுமுனையை ஷார்ட் செய்தால் 40.9. 20 டிபி பேட் திறந்தால் 51.0, ஷார்ட் செய்தால் 49.0. 40 டிபியில் இரண்டுமே 50.0தான். எந்தப் பேடாக இருந்தாலும் மறுமுனையில் 50 ஓம் டெர்மினேஷன் போட்டால் 50 வர வேண்டும். 0 டிபி படியில் முனைக்கு முனை ஓர் ஓமுக்கும் குறைவு. ஒவ்வொரு பேடையும் இரு பக்கமிருந்தும் அளந்து பாருங்கள்.

தவறான எண்ணிலிருந்து எந்த ரெசிஸ்டர் போனது என்றே கண்டுபிடிக்கலாம். பை (π) வடிவ 10 டிபி பேடில் இரு பக்கமும் தரைக்கு 96.2 ஓம், நடுவே 71.2 ஓம். மறுமுனையைத் திறந்து வைத்து 96 ஓம் வந்தால் நடு ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. 167 ஓம் வந்தால் உள்ளீட்டுப் பக்கத்து 96.2 போயிற்று. இந்த இரண்டாவது நிலையில் சிக்னல் குறையாது, 2.6 டிபி அதிகமாகக் காட்டும். அதனால்தான் பலர் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது.

அதிகமாகப் போவதும் அந்த உள்ளீட்டு ரெசிஸ்டர்தான். 1 வாட் கொடுத்தால் அதில் 0.52 வாட் எரிகிறது, நடு ரெசிஸ்டரில் 0.33, கடைசியில் 0.05 மட்டும். 20 டிபி பேடானால் முதல் ரெசிஸ்டர் தலையில் 0.82 வாட். சாதாரண 0603 சிப் ரெசிஸ்டர் தாங்குவது 0.1 வாட்.

மாற்றுவது

பேட்கள் சிப் ரெசிஸ்டரால் ஆனவை என்றால் நீங்களே மாற்றலாம். 10 டிபிக்கு 95.3, 71.5, 95.3 ஓம், 20 டிபிக்கு 61.9, 249, 61.9 ஓம். 1% தின் ஃபிலிம் வகை, பழையதன் அதே அளவு. பெரிய சிப் போட்டால் அதிக வாட் தாங்கும் என்று நினைத்து அளவை மாற்றினால் 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் மேட்ச் (50 ஓம் பொருத்தம்) கெடும். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி, சால்டர் வைக்கும் ஒவ்வொரு முனைக்கும் மூன்று நொடி. ஃபிளக்ஸை 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் முழுதாகத் துடைத்தெடுங்கள். தொடுமுனைகளின் மேல் எண்ணெய் கலந்த ஸ்ப்ரே எதையும் அடிக்காதீர்கள். அந்தப் படலம் தூசியைப் பிடித்து வைத்து, சில மாதத்தில் அதே கருவி திரும்பி வரும்.

பீங்கான் தகட்டின் மேல் படலமாக ரெசிஸ்டர் பதித்த வகையில் கருகிய படலத்தை மீட்க வழியில்லை. அதன் மேல் சிப் ரெசிஸ்டரை ஒட்டினால் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை ஒப்பேறும், அதற்கு மேல் நம்ப முடியாது. பழுதான இன்னொரு கருவியிலிருந்து முழு அட்டெனுவேட்டரையே எடுத்துப் போடுவது உத்தமம். வாங்கும்போது படிமதிப்பு, அதிர்வெண் வரம்பு, சோலனாய்டு வோல்ட் மூன்றையும் பாருங்கள். வெளியில் ஒரே மாதிரி இருப்பவற்றில் 5, 15, 24 வோல்ட் என்று சுருள் வேறுபடும். உள்ளே ரப்பர் பாகம் உள்ள பழைய வகையில் அது இறுகிப்போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதிக சக்தி தாங்கும் சில பேட்களிலும் டயோடு உறைகளிலும் பெரிலியம் ஆக்சைடு இருக்கிறது. வெள்ளைப் பீங்கானை அரத்தால் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

மிக்சர் போயிருந்தால், முதலில் லோக்கல் ஆசிலேட்டரின் சக்தியைப் பவர் மீட்டரால் அளந்து கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். அது குறைவாக இருந்தால் நல்ல மிக்சரும் செத்ததுபோலவே நடிக்கும். மூடி முத்திரையிட்ட மிக்சரை முழுதாக மாற்றுவதே வழி. திறந்து டயோடு வைப்பதற்கு மைக்ரோஸ்கோப்பும் ஒயர் பாண்டரும் (மெல்லிய கம்பியை ஒட்டும் கருவி) வேண்டும்.

திரும்பப் பூட்டியபின்

துருப்பிடிக்காத எஃகு எஸ்எம்ஏ நட்டுகளுக்கு 0.9 நியூட்டன் மீட்டர், பித்தளைக்கு 0.56. டார்க் ஸ்பேனர் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லையென்றால் விரலால் இறுக்கிவிட்டு ஸ்பேனரால் லேசாக ஒரு தள்ளு போதும். பிறகு கேல் அவுட் சோதனையை எல்லாப் படிகளிலும் மறுபடி செய்யுங்கள். ஜெனரேட்டரையும் பவர் மீட்டரையும் வைத்து 50 முதல் 1800 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழெட்டு இடத்தில் அளவை ஒப்பிடுங்கள். நானோவிஎன்ஏ (சிறிய நெட்வொர்க் அனலைசர்) இருந்தால், அட்டெனுவேட்டரை 10 டிபியில் வைத்து உள்ளீட்டின் ரிட்டர்ன் லாஸைப் (உள்ளீட்டில் பட்டுத் திரும்பும் சிக்னல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு) பாருங்கள். 14 டிபிக்கு மேல் வந்தால் நல்லது. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேல் மட்டும் கெட்டால், சால்டர் வைத்த இடத்தையல்ல, எங்கோ தளர்ந்த எஸ்எம்ஏ நட்டை முதலில் தேடுங்கள்.

எல்லாம் சரியென்றான பிறகே சுய அளவுத்திருத்தத்தை ஓட்டிச் சேமியுங்கள். 8591இயில் கேல் அவுட்டை உள்ளீட்டில் இணைத்து, கேல் மெனுவில் அதிர்வெண், ஆம்ப்ளிட்யூட் இரண்டையும் ஓட்டி, கேல் ஸ்டோர் அழுத்த வேண்டும். கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளீட்டில் ஒரு 20 டிபி, 10 வாட் வெளி அட்டெனுவேட்டரைத் திருகியே கொடுங்கள். +37 டிபிஎம் வந்தாலும் உள்ளே +17தான் போகும். திரையில் காட்டும் அளவோடு 20 கூட்டிக்கொள்ளவேண்டும் என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.