தீபாவளி முதல் பொங்கல் வரை வீட்டுச் செலவைச் சமாளிக்க

போனஸ் வந்த அன்றே தி.நகருக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள், மிச்சம் இருப்பதுதான் பண்டிகைப் பணம்.

பெரிய ஓட்டை ஊருக்குப் போகும் செலவில்தான் இருக்கிறது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு, காலை 8 மணிக்கு உட்கார்ந்து போக, வர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கடைசி வாரத்தில் ஆம்னி பஸ்ஸில் நான்கு பேர் போனால் துணிக்கு வைத்த பணமும் அதிலேயே கரைந்துவிடும்.

துணியைக் கூட்டம் சேரும் முன்பே எடுங்கள், ரங்கநாதன் தெருவோ வண்ணாரப்பேட்டையோ, ஆளுக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். பட்டாசுக்கும் அதேபோலத்தான். பலகாரத்தைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்து சுட்டால் எண்ணெயும் கேஸும் மிச்சம்.

அப்புறம், வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கும் வாட்ச்மேனுக்கும் கொடுக்கும் பணத்தைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். பணம் இடித்தால் நம் பட்டாசில் குறைக்கலாம், அதில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.