வன்னியிலிருந்து மறுபடி கொழும்புக்கா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பல வருடம் இருந்துவிட்டு, தாய் தகப்பனின் காணிக்கு என்று வன்னிக்கு வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர். போர் முடிந்து வீதி திறந்து, 2013 செப்டெம்பரில் ரயிலும் கிளிநொச்சி வரை வந்தபிறகு துணிந்து வந்தவர்கள் உண்டு. 2022 நெருக்கடியில் கொழும்பு வாடகையும் காஸ் வரிசையும் தாங்க முடியாமல் வந்தவர்களும் உண்டு. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிப் போகவேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அப்படி நினைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கோபத்தில் அல்லது வெட்கத்தில் அவசரப்பட்டுக் கிளம்பும் குடும்பங்கள் பணத்தையும் காணியையும், சிலவேளை பிள்ளையின் படிப்பையும் இழப்பதைப் பார்க்கிறேன். அந்த இழப்புகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தையில் வந்து ஆவணியில் வெறுப்பது

கொழும்பில் இருப்பவர்கள் வன்னியைப் பார்க்க வருவது பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான். அப்போது குளங்கள் நிறைந்திருக்கும், மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல் கதிர் தள்ளி நிற்கும், கிணற்றில் கையெட்டும் தூரத்தில் தண்ணீர். அந்த மாதத்தில் பார்த்த வன்னியை நம்பி வீடு கட்டுகிறார்கள். இங்கே வருடத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். பிறகு நீண்ட வெயில். சோளகக் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டும். ஓகஸ்ட், செப்டெம்பரில் கிணறு அடிமட்டத்துக்குப் போகும், மோட்டர் காற்றை இழுக்கும், மரக்கறிப் பாத்தி கருகும். சரியாக அந்த நேரத்தில்தான் "இனி ஏலாது, போவோம்" என்ற பேச்சு வீட்டில் தொடங்குகிறது.

ஆவணியில் எடுத்த முடிவை மாரி முடியும்வரை தள்ளிப் போடுங்கள். மழை கண்டபிறகும் போகவேண்டும் போலத்தான் இருக்கிறது என்றால் அந்த எண்ணத்தை நம்பலாம். மாறாக, தண்ணீர்தான் பிரச்சினை என்று தெரிந்தால், கிணற்றை ஆழப்படுத்துவது, மழைநீர்த் தொட்டி கட்டுவது, குழாய்க்கிணறு அடிக்கமுடியுமா என்று பார்ப்பது எல்லாம் கொழும்பில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் முற்பணத்தை விடக் குறைந்த செலவில் முடியக்கூடும். குழாய்க்கிணறு அடித்தால் அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்கவேண்டாம். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் எவ்வளவு பெரிய துயரம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மழைக்காலத்திலும் இதே கதை மறுபக்கமாக நடக்கும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களுக்குள் வெள்ளம் வந்தபோது, வெயில் காலத்தில் பள்ளக்காணி வாங்கியவர்கள் கலங்கிப் போனார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு நகரம் அல்ல, அதே ஊரில் கொஞ்சம் மேட்டுக்காணி.

எது இல்லை என்று சொல்லாமல் "இந்த இடம் சரியில்லை" என்பது

என் மனதில் இதுதான் ஆகப் பெரிய தவறு. "இங்கே இருக்க முடியாது" என்று ஒருவர் சொல்லும்போது, என்ன இல்லாததால் முடியாது என்று திருப்பிக் கேளுங்கள். முதலில் பதில் வராது. பொறுத்திருந்தால் வரும். அம்மாவின் இதய வருத்தத்துக்குக் கிளினிக் தூரம். மகனுக்கு உயர்தரக் கணிதத்துக்கு நல்ல ரியூசன் இல்லை. கணவர் வயலுக்குப் போனால் மனைவி பகல் முழுக்கத் தனியே. மாலை ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை. இரவில் யானை வேலியை உடைத்துக்கொண்டு வருகிறது. குரங்கு ஒரு தேங்காயையும் விடுவதில்லை.

இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கொழும்பை நினைப்பதால்தான், அங்கே போய் ஆறு மாதத்தில் வேறொரு குறையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் தனித்துப்போன குடும்பத்துக்குத் தேவை ஒரு ரவுண். அது வவுனியாவாக இருக்கலாம், கிளிநொச்சியாக இருக்கலாம். இரண்டிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு, ரயில் நிலையம் உண்டு. வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள். பெரிய வைத்தியர்களைப் பார்க்க யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, கிளிநொச்சியிலிருந்து காலையில் போய்ப் பின்னேரம் திரும்பும் தூரம்தான். காணியைக் கிராமத்தில் வைத்துக்கொண்டு ரவுணில் வாடகைக்கு இருப்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. கொழும்பு அல்லது கிராமம் என்று இரண்டு கதவுகள் மட்டும் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள்.

வீட்டில் யாருக்கு மனமில்லை என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். கணவர் பிறந்து வளர்ந்த ஊருக்குத் திரும்பியிருப்பார். மனைவி கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அவருக்கு இது திரும்பி வந்த ஊர் அல்ல, முதன்முதலாகப் பார்க்கும் ஊர். சந்தைக்கும் கோயிலுக்கும் நினைத்தவுடன் நடந்து போன பெண், இங்கே ஒவ்வொன்றுக்கும் கணவரின் மோட்டார்சைக்கிளை எதிர்பார்த்து நிற்கிறார். அவருக்கு ஒரு ஸ்கூட்டியும், ஓட்டப் பழக ஒரு மாதமும் கிடைத்தபிறகு முகமே மாறிப்போன வீடுகளைக் கண்டிருக்கிறேன். அதன் பிறகும் அவர் போகவேண்டும் என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குக் கணவரின் சொல்லுக்கு இருக்கும் அதே பாரம் இருக்கவேண்டும்.

வெட்கத்தில் ஒளித்துக்கொண்டு போவது

"கொழும்பு ஆக்களுக்கு இது சரிவராது எண்டு நான் அப்பவே சொன்னனான்." இந்த ஒரு வசனத்துக்குப் பயந்து எத்தனை பேர் கதையை மறைக்கிறார்கள்! யாருக்கும் சொல்லாமல் வீடு தேடி, யாரிடமும் கேட்காமல் காணிக்கு விலை பேசி, இரவோடு இரவாக லொறியில் சாமான் ஏற்றுகிறார்கள். இரகசியமாக விற்பவருக்கு நல்ல விலை கிடைக்காது. வாங்க வருகிறவருக்கு அவசரம் புரிந்துவிடும். அயலில் அந்தக் காணியை நியாயமான விலைக்கு வாங்கக்கூடிய ஒருவர் இருந்திருப்பார், அவருக்குத் தெரியவே வராது. வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின் கீழ் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முற்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை, இருக்கும் காணி என்றால், சொல்லாமல் விற்பது பிறகு நீதிமன்றம் வரைக்கும் இழுபடலாம்.

வன்னி மனிதர்களுக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களும், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் இங்கே குடியிருந்தார்கள். சிலர் நிலைத்தார்கள், சிலர் போனார்கள். போனவர்களை இந்த மண் குறையாகப் பேசவில்லை. ஊரில் இரண்டு பேர் கதைப்பார்கள், அடுத்த போகம் வந்தால் மறந்துவிடுவார்கள். வாசிகசாலையிலும் கமக்காரர் அமைப்பிலும் சொல்லிவிட்டே போங்கள்.

பிள்ளையின் படிப்பைக் கணக்கில் எடுக்காதது

இதில் திகதிகள் முக்கியம். முதலாம் தரத்துக்கு அரச பாடசாலையில் சேர்க்கும்போது, வதிவிடத்தை நிரூபிக்கக் கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். நாலு வயதுப் பிள்ளையோடு கொழும்புக்குப் போனால் அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதி இருக்காது. பிறகு தனியார் அல்லது சர்வதேசப் பாடசாலைக் கட்டணம்தான். அதைத் தாங்க முடியுமா என்று போகுமுன் கணக்குப் பாருங்கள்.

பத்தாம் தரத்தில் மாற்றவேண்டாம். சாதாரண தரத்துக்கான தொகுதிப் பாடங்களை (விருப்பப் பாடங்களை) தெரிவுசெய்து படிக்கத் தொடங்கிய பிள்ளை, அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைக்குப் போய் இடைநடுவில் நிற்கும்.

உயர்தரப் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின் மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. எந்த மாவட்டம் என்பது, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எங்கே படித்தது என்பதைப் பொறுத்தது. பதினோராம் தரம் முடிய நல்ல ரியூசனுக்கென்று கொழும்புக்குக் கொண்டுபோகும் பெற்றோர், பிள்ளையை எந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியோடு போட்டியிட வைக்கிறோம் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒருதரம் வாசித்துவிட்டு முடிவெடுக்கட்டும். மாற்றுவது எப்போதும் பிழை என்று சொல்லவில்லை. தெரியாமல் மாற்றுவதுதான் வலிக்கிறது.

வேலை விடயத்தில் இரண்டு சொல்

இங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் நாலரை வருடம் வேலை செய்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறவர்கள் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. ஆறு மாதம் பொறுத்தால் கிடைக்கும் காசை விட்டுவிட்டு ஓடவேண்டாம்.

ஆசிரியர்களும் மாகாண சபை உத்தியோகத்தர்களும் இடமாற்றம் கைக்கு வருமுன் குடும்பத்தை முன்னால் அனுப்பிவிடாதீர்கள். வட மாகாணம் விடுவிக்கவேண்டும், மேல் மாகாணம் ஏற்கவேண்டும். இரண்டும் சேர்ந்து நடப்பதற்குள் இரண்டு வீட்டுச் செலவில் சம்பளம் கரைந்துவிடும்.

காணியை விற்றுவிட்டுப் போவது

முடிந்தவரை விற்காதீர்கள். கொழும்பிலிருந்து வரும்போது அங்கிருந்த மாடி வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள், திரும்பும்போது அதே ஒழுங்கையில் ஒரு அறைக்கும் வழியில்லாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே பிழையை எதிர்த்திசையில் செய்யவேண்டாம். முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். நீங்கள் விட்டு வந்த வெள்ளவத்தை அங்கே அப்படியே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் கனடா போயிருப்பார், வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை கைமாறியிருக்கும், வாடகை கூடியிருக்கும்.

உங்களிடம் இருப்பது சொந்த உறுதி உள்ள உறுதிக்காணியா, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்று தெரிந்துகொள்ளுங்கள். வன்னியின் குடியேற்றத் திட்டக் கிராமங்களில் அனுமதிப்பத்திரக் காணிகள் நிறைய. அந்தக் காணியைப் பிரதேச செயலாளரின் முன்அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அற்றோனித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி, வெள்ளைத்தாளில் கையொப்பம் வைத்து விற்பதெல்லாம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தலையிடி. அந்தக் காணியில் வசிக்காமல், பயிர் செய்யாமல் விட்டுவிட்டால் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யும் நடவடிக்கை தொடங்கவும் முடியும். அதனால் போகுமுன் காணிக் கிளைக்குப் போய், நிலைமையைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளரின் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் அதே நாளில் பாருங்கள். பதியாமல் உரிமையாளர் இறந்துபோய், சகோதரர்கள் ஆளோடு ஆள் முகம் பாராமல் போன குடும்பங்கள் இங்கே பல.

உறுதிக்காணியை ஒருவரிடம் பார்க்கச் சொல்லி விட்டுப் போவதென்றால், "நம்பிக்கையான பெடியன்தான்" என்று வாய்ப்பேச்சில் விடவேண்டாம். பத்து வருடம் இருந்தால் காணி இருப்பவருக்கே என்று ஊரில் சொல்வார்கள். உரிமையாளரின் சம்மதத்தோடு இருப்பவருக்கு வருடக்கணக்கு மட்டும் காணியைக் கொடுத்துவிடாது. ஆனால் சம்மதத்தோடுதான் இருந்தார் என்பதற்கு உங்களிடம் ஒரு கடதாசி வேண்டும். நொத்தாரிசிடம் ஒரு சிறிய உடன்படிக்கை எழுதுங்கள், ஒரு பெயருக்காவது வருடக் குத்தகைக் காசு வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள், கிராம அலுவலருக்கும் தெரிவியுங்கள். வருடத்தில் ஒருமுறையாவது, வயல் வெட்டும் நேரம் பார்த்து, நேரில் வந்து எல்லைக் கற்கள் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று சுற்றிப் பாருங்கள்.