பெயிண்ட் கடைக்கு கடைசியா போங்க

வீட்டை மாத்தலாம்னு தோணின உடனே எல்லாரும் முதல்ல பண்றது ஷேட் கார்டை விரிச்சு வச்சுக்கிட்டு இதுவா அதுவான்னு மண்டையை உடைச்சிக்கிறதுதான். நான் சொல்றது தலைகீழ், சுவர் கலரைத்தான் கடைசியா முடிவு பண்ணணும். பெயிண்ட்ல ஆயிரக்கணக்குல ஷேட் இருக்கு, எது கேட்டாலும் மெஷின்ல கலந்து குடுத்துடுவாங்க, ஆனா சோபா துணி, ஸ்க்ரீன் துணி எல்லாம் பிடிச்ச டிசைன்ல நாலஞ்சு கலர் கிடைச்சாலே பெருசு, தரை டைல்ஸை அவ்வளவு லேசுல மாத்தவே முடியாது. மாத்த முடியாததை முதல்ல வச்சுக்கிட்டு, சுலபமா மாத்த முடியறதை அதுக்கு ஏத்த மாதிரி எடுக்கணும். சுவருக்கு அடிச்சு முடிச்சிட்டு அதுக்கு மேட்சா துணி தேடினா நீங்க அலைஞ்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

அதனால முதல்ல தரையை பாருங்க. தரையை யாரும் ஒரு கலராவே கணக்குல எடுத்துக்கறது இல்ல, ஆனா ரூம்ல இருக்கறதுலயே பெரிய கலர் பரப்புல அதுவும் ஒண்ணு. வெள்ளை பேப்பர் ஒண்ணை எடுத்து தரை மேல போட்டு பாருங்க, இத்தனை நாள் வெள்ளைன்னு நெனச்ச டைல்ஸ் மஞ்சள் தட்டுதா, சாம்பல் தட்டுதா, லேசா ரோஸ் அடிக்குதான்னு அப்படியே தெரிஞ்சிடும். மஞ்சள் தட்டுற தரைக்கு நீலம் கலந்த சாம்பல் சுவர் அடிச்சா தரை அழுக்கா தெரியும், எத்தனை தடவை துடைச்சாலும் அப்படித்தான் தெரியும்.

அடுத்தது வெளிச்சம், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். கிழக்கு பார்த்த ஜன்னல்னா காலைல இளமஞ்சளா வெளிச்சம் வரும், மதியத்துக்கு மேல அதே சுவர் வெளிறிப்போய் லேசா நீலம் தட்டும். மேற்கு பார்த்த ரூம்ல சாயங்காலம் ஆரஞ்சு வெயில் உள்ள வரும், சுவரும் ஆரஞ்சோ பீச்சோ ஆயிருந்தா அந்த ஒரு மணி நேரம் ரூமே கொதிக்கற மாதிரி இருக்கும். அதனால அந்த ரூம்ல நீங்க எந்த நேரத்துல இருப்பீங்கன்னு யோசிங்க. ராத்திரி மட்டும்தான் இருப்பீங்கன்னா ஜன்னலை விடுங்க, பல்புதான் கலரை முடிவு பண்ணும்.

பல்பு டப்பா மேல கெல்வின்னு ஒரு நம்பர் இருக்கும். 2700, 3000 எல்லாம் மஞ்சள் வெளிச்சம், 4000 நடுவாந்திரம், 6500னா நீலம் தட்டின வெள்ளை. 2700ல இளநீல சுவர் சாம்பல் மாதிரி மங்கிடும், 6500ல க்ரீம் கலர் உயிரில்லாம வெளிறிப்போகும். பக்கத்துலயே சிஆர்ஐன்னு இன்னொரு நம்பர் போட்டிருந்தா அதையும் பாருங்க, 90க்கு மேல இருந்தா கலரெல்லாம் கிட்டத்தட்ட உள்ளது உள்ளபடி தெரியும். கடை லைட்ல கச்சிதமா மேட்ச் ஆன ரெண்டு துணி வீட்டுக்கு வந்ததும் ஒட்டவே ஒட்டாம நிக்கறதுக்கும் இந்த வெளிச்சம்தான் காரணம். பல்பை முதல்ல மாத்திட்டு அப்புறம் கலரை பாருங்க, பாதி வீட்டுக்கு பெயிண்டே தேவைப்படாது.

இப்ப சாம்பிள். நேரா சுவர்ல ஒரு பட்டை இழுத்து பார்க்காதீங்க, பழைய கலர் பக்கத்துலயே இருந்து கண்ணை ஏமாத்தும். பிரான்ஸ்ல கோப்ளான் திரைச்சீலை தொழிற்கூடத்துல சாயப் பிரிவை பார்த்துக்கிட்ட ஷெவ்ரூல்னு ஒரு வேதியியல்காரர் இருந்தாரு, 1824ல அங்க சேர்ந்தவர். கருப்பு சாயம் சரியில்ல, வெளுத்த மாதிரி இருக்குன்னு அவர்கிட்ட புகார் வந்துச்சு, அவர் ஆராய்ஞ்சு பார்த்தா சாயத்துல ஒரு குறையும் இல்ல, பக்கத்துல நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை அப்படி காட்டியிருக்கு. உங்க வீட்லயும் அதே கதைதான், சுத்தமான சாம்பல் கலரை மஞ்சள் பக்கத்துல வச்சா ஊதா தட்டும், பச்சை சோபாவுக்கு பின்னாடி பீஜ் சுவர் லேசா ரோஸா தெரியும். அதனால ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல, ஓரமா மூணு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டு, ரெண்டு கோட் அடிச்சு நல்லா காயவிடுங்க, ஈரத்துல பார்த்து முடிவு பண்ணவே கூடாது. காஞ்சதும் சோபா பின்னாடி ஒரு நாள், ஜன்னல் பக்கத்துல ஒரு நாள், இருட்டு மூலைல ஒரு நாள்னு மாத்தி மாத்தி ஒட்டி, காலைலயும் ராத்திரி லைட் போட்டும் பாருங்க. ஷேட் கார்டுல தீப்பெட்டி சைஸ்ல பார்த்த கலர் நாலு சுவருக்கும் வரும்போது ஒண்ணை ஒண்ணு பிரதிபலிச்சு இன்னும் தூக்கலா தெரியும், அதனால மனசுக்கு பிடிச்சதுலேர்ந்து ஒரு படி மங்கலா எடுக்கறது நல்லது.

சின்ன ரூமுக்கு வெள்ளைதான் அடிக்கணும்னு ஒரு சட்டம் மாதிரி எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வெள்ளை தானா வெளிச்சம் குடுக்காது, வர்ற வெளிச்சத்தை திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வெளிச்சமே வராத ரூம்ல அனுப்பறதுக்கு என்ன இருக்கு, மூலையெல்லாம் சாம்பல் பூத்து சோகமா இருக்கும். ஷேட் விவரத்துல எல்ஆர்வின்னு 0லேர்ந்து 100 வரை ஒரு அளவு குடுத்திருப்பாங்க, எவ்வளவு வெளிச்சத்தை திருப்பி விடுதுங்கறதோட கணக்கு அது. ஜன்னல் நல்லா இருக்கிற சின்ன ரூம்னா 70க்கு மேல எடுங்க, சரி. இருட்டு ரூம்னா தைரியமா 20, 30ல ஒரு பச்சையோ மண் கலரோ அடிச்சிட்டு ரெண்டு மூணு இடத்துல சின்ன சின்ன விளக்கு வைங்க, பார்க்கறவங்களுக்கு இருட்டுன்னே தோணாது, வேணும்னே அப்படி பண்ணின மாதிரி இருக்கும்.

ரூமோட கலரை பிரிக்கற 60, 30, 10 கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சுவர் மாதிரி பெரிய பரப்பு 60 சதவீதம், ஸ்க்ரீன் சோபா 30, குஷன் பொம்மை படம் 10. டேப் வச்சு அளக்க வேண்டியதில்ல, ஆனா அந்த 10க்கு உரிய கலர் ரூம்ல குறைஞ்சது மூணு இடத்துல தலைகாட்டணும், ஒரே இடத்துல இருந்தா யாரோ மறந்து வச்சிட்டு போன பொருள் மாதிரி தெரியும்.

கலரை வச்சு ரூமோட வடிவத்தையே மாத்திக் காட்டலாம், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. ரயில் பெட்டி மாதிரி நீளமா இருக்கிற ரூம்னா கடைசி சுவருக்கு மட்டும் அடர்த்தியான கலர் குடுங்க, அது கிட்ட வந்த மாதிரி தெரியும், நீளம் குறையும். சீலிங் தாழ்வா இருந்தா சுவரும் சீலிங்கும் சேர்ற இடத்துல பார்டர், பட்டைன்னு எதுவும் வேண்டாம், சுவர் கலரையே மேலயும் கொண்டு போயிட்டா சுவர் எங்க முடியுதுன்னு கண்ணு கண்டுபிடிக்காது. நடு ரூம்ல துருத்திக்கிட்டு நிக்கற தூண், பீம், மீட்டர் பெட்டி, தேவையில்லாத கதவு எல்லாத்துக்கும் சுவரோட அதே கலரை அடிச்சிடுங்க, பாதி காணாம போயிடும். அதுக்குன்னு தனியா ஒரு கலர் அடிச்சு எடுப்பா காட்டறாங்களே, அது ஏன்னு எனக்கு இன்னும் புரியல. தனி ரூம் இல்லாதவங்க ஹால்ல ஒரு மூலைல மேஜை அகலத்துக்கு தரைலேர்ந்து மேல வரைக்கும் வேற கலர் பட்டை அடிச்சு, அதை அப்படியே சீலிங்ல ரெண்டடி இழுத்து விட்டா அங்க ஒரு ஆபீஸ் ரூம் வந்துடும், ஒரு செங்கல் கூட வைக்க வேண்டாம்.

மேட் ஃபினிஷ் சுவர்ல இருக்கிற மேடு பள்ளத்தை மறைக்கும், பளபளப்பு அத்தனையையும் காட்டிக் குடுக்கும். ஆனா கை படற இடம், குழந்தைங்க இருக்கிற ரூம்னா துடைக்கறதுக்கு ஈஸியா லேசான பளபளப்பு வேணும்.

இடத்துக்கு வருவோம். ரூம் பெருசா தெரியறதுக்கும் சுவர் கலருக்கும் இருக்கிற சம்பந்தத்தை விட, எவ்வளவு தரை கண்ணுக்கு தெரியுதுங்கறதோட சம்பந்தம் அதிகம். கால் வச்ச சோபா, கால் வச்ச டிவி ஸ்டாண்ட் வாங்கினா அடியில தரை தெரியும், அதே அளவு சோபா தரையோட ஒட்டி இருந்தா பாறாங்கல் மாதிரி உக்காந்துக்கும். எது வாங்கறதுக்கு முன்னாடியும் பழைய நியூஸ்பேப்பரை அந்த அளவுக்கு ஒட்டி தரையில விரிச்சு ரெண்டு நாள் அப்படியே விட்டு நடந்து பாருங்க. நடக்கற வழி 75லேர்ந்து 90 சென்டிமீட்டர் வேணும், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுல 40, 45 போதும். பேப்பரை மிதிச்சுக்கிட்டே இருக்கீங்கன்னா அந்த சைஸ் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாத்தையும் சுவரோட ஒட்டி தள்ளி வச்சா நடுவுல இடம் கிடைக்கும்னு நெனப்போம், கிடைக்கறது வெறும் காலி மைதானம்தான். சோபாவை ஒரு சாண் முன்னாடி இழுத்து பாருங்க, பின்னாடி நிழல் விழும், சுவர் இன்னும் தள்ளி இருக்கற மாதிரி தெரியும். கார்பெட் போட்டா சோபாவோட முன் கால் ரெண்டாவது அது மேல ஏறணும், நடுவுல தனியா ஒரு கைக்குட்டை மாதிரி கிடக்கக்கூடாது.

பொருள் வைக்க இடமில்லைங்கறவங்க அண்ணாந்து பாருங்க. கதவுக்கு மேல, ஜன்னலுக்கு ரெண்டு பக்கம், கட்டிலுக்கு அடியில, ரூம் கதவுக்கு பின்னாடி எல்லாம் சும்மாதான் இருக்கு. கதவு நிலைக்கு மேல ஓடற மாதிரி ரூமை சுத்தி ஒரே ஷெல்ஃப் அடிச்சு சுவர் கலரையே குடுத்தா புத்தகம் முழுக்க ஏறிடும், தலைக்கு மேல பாரமாவும் தெரியாது.

ஸ்க்ரீன் கம்பியை ஜன்னல் ஃப்ரேம் மேலயே அடிக்காதீங்க, சீலிங் பக்கமா ஏத்தி, ரெண்டு பக்கமும் 20, 25 சென்டிமீட்டர் வெளிய விட்டு அடிங்க, துணி தரை வரைக்கும் வரணும். திறந்தா துணி சுவர் மேல போய் நிக்கும், ஜன்னல் முழுசா வெளிச்சம் விடும், சின்ன ஜன்னல் கூட பெருசா தெரியும். கண்ணாடி மாட்டினா அதுல என்ன தெரியும்னு முதல்ல அங்க நின்னு பாருங்க, ஜன்னல் தெரிஞ்சா ரெண்டு ஜன்னல், குப்பையா இருக்கிற ஷெல்ஃப் தெரிஞ்சா ரெண்டு குப்பை. படம் மாட்டறவங்க பொதுவா ரொம்ப உயரத்துல மாட்டிடறாங்க, படத்தோட நடுப்பகுதி தரைலேர்ந்து 145, 150 சென்டிமீட்டர்ல இருந்தா கண்ணுக்கு நேரா வரும், சோபாவுக்கு மேலன்னா சோபா முதுகுலேர்ந்து 15, 20 இடைவெளி போதும்.

இதெல்லாம் முடிச்சிட்டு, துணி துண்டு ஒண்ணு, சார்ட் பேப்பர் ஒண்ணு கைல எடுத்துக்கிட்டு பெயிண்ட் வாங்க போங்க. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு தோராயமா 10லேர்ந்து 12 சதுர மீட்டர் வரும், ரெண்டு கோட்டுக்கு கணக்கு போட்டு ஒரே தடவைல மொத்தமா வாங்கிடுங்க, அடுத்த வாரம் அதே நம்பர்ல கலந்தா கூட மயிரிழை வித்தியாசம் வரலாம். ரெண்டு மூணு டப்பான்னா ஒரு பெரிய வாளியில எல்லாத்தையும் கலந்துட்டு அடிக்க சொல்லுங்க. மிச்சத்தை மூடி இறுக்கமான சின்ன பாட்டில்ல எடுத்து வச்சு, ஷேட் நம்பர், ஃபினிஷ், எந்த ரூம், எந்த மாசம்னு எழுதி அலமாரி கதவுக்கு உள்பக்கமா ஒட்டிடுங்க, பாட்டில் தொலைஞ்சாலும் நம்பர் இருக்கும்.