ஒரே டிம்மரில் பல விளக்கு: நான் காசு கொடுத்துக் கற்ற தவறுகள்

போன வாரம் என்னிடம் வேலை பழகும் பையன் ஒரு ஹாலுக்குக் கணக்கு எழுதிக் காட்டினான். சீலிங்கில் பதிக்கும் 9 வாட்ஸ் எல்இடி டவுன்லைட் 14, ஆக 126 வாட்ஸ். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் 400 வாட்ஸ். "தாராளமா தாங்கும்ணே" என்றான். எட்டு வருஷத்துக்கு முன் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

மெயினை ஆஃப் செய்யுங்கள், நியூட்ரலில் டிம்மர் போடாதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர்கள் போர்டைத் திறக்கவே வேண்டாம்.

வாட்ஸை மட்டும் கூட்டிப் பார்ப்பது

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ஃபால்ஸ் சீலிங் மூடி, பெயிண்டும் அடித்தாயிற்று. டிம்மரைத் திருப்பினேன். பாதி வரை வெளிச்சம் குறையவே இல்லை. அதற்குக் கீழே போனதும் 14 விளக்கும் துடித்தன, அப்புறம் பட்டென்று அணைந்தன. போர்டுக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம். டிம்மர்தான் மட்டம் என்று வேறொன்று வாங்கி மாட்டினேன். அதுவும் அதே பாட்டுத்தான். இரண்டு மாதத்துக்குள் ஐந்து விளக்கின் டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி, செத்துப்போனது.

டிம்மரின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 400 வாட்ஸ் பெரும்பாலும் குண்டு பல்புக்கான கணக்கு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 100 அரை அலை. சாதாரண டிம்மருக்குள் இருக்கும் ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்ச், ஒவ்வொரு அரை அலையிலும் முன்பகுதியை அடைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் திறந்துவிடும். குண்டு பல்பின் இழைக்கு அது பொருட்டே இல்லை. சூடு குறையும், வெளிச்சமும் குறையும், அவ்வளவுதான். எல்இடி டிரைவரின் வாசலில், மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் இருக்கிறது. அலையின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அந்த இடத்தில் திடீரென்று திறந்தால், கெபாசிட்டர் ஒரே மடக்காக மின்சாரத்தை இழுக்கும். வினாடிக்கு 100 தடவை, 14 டிரைவரும் ஒரே கணத்தில். 126 என்ற கூட்டல் கணக்கில் இந்த அடி எங்கே வருகிறது?

அதனால் முதலில் விளக்கின் பெட்டியைப் பாருங்கள். 'டிம்மபிள்' என்று போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம். கடையில் கேட்டால் "எல்லாம் ஓடும்" என்பார்கள். ஓடும்தான், இரண்டு மாதம். பிறகு டிம்மரோடு வரும் தாளில் எல்இடிக்கு எத்தனை வாட்ஸ் என்று தேடுங்கள். குண்டு பல்புக்குச் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான் எல்இடிக்கு என்று சொல்லும் டிம்மர்களும் உண்டு. டிரெய்லிங் எட்ஜ் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். அது அலையின் முன்பகுதியை இயல்பாக ஏறவிட்டுப் பின்பகுதியை வெட்டுவதால் எல்இடியோடு பெரும்பாலும் ஒத்துப்போகும்.

எனக்கு ஆன செலவு: 14 டிம்மபிள் டிரைவர், இரண்டு டிம்மர், ஒரு நாள் கூலி. கிளிப்பில் நிற்கும் டவுன்லைட் கீழே இழுத்தால் கையோடு வந்துவிடும், சீலிங்கை உடைக்கும் நிலை வரவில்லை. ஆனால் புது வெள்ளையில் பதிந்த விரல் தடத்துக்குப் பெயிண்டருக்கும் நான்தான் கொடுத்தேன்.

ஒரு விளக்கை மாட்டிச் சோதிப்பது

டிம்மருக்குக் குறைந்தபட்ச லோடு என்று ஒன்று உண்டு. ஒற்றை எல்இடி இழுக்கும் மின்சாரம் ட்ரையாக்கைத் திறந்தபடி பிடித்து வைக்கப் போதாமல் விளக்கு துடிக்கலாம். அதைப் பார்த்து நல்ல டிம்மரைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். சீலிங் மூடும் முன் எல்லா விளக்கையும் தரையில் பரப்பி, ஒரு சாயங்காலம் முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

ஒரே டிம்மரில் இரண்டு கம்பெனி விளக்கு

ஒன்று அணைந்த பிறகும் மற்றது எரிந்துகொண்டிருக்கும். ஒரே மாடலாக வாங்கி, உதிரியாக இரண்டு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படியின் இரு முனையிலும் டிம்மர்

இரண்டு டிம்மர் வேண்டாம். ஒரு முனையில் டூ-வே (இரண்டு இடத்திலிருந்து ஒரே விளக்கைப் போட்டு அணைக்கும்) வசதியுள்ள டிம்மர், மறுமுனையில் சாதாரண டூ-வே சுவிட்ச்.

டிம்மருக்குப் பதிலாக மிச்சம் கிடந்த ஃபேன் ரெகுலேட்டர்

வேண்டாம்.

இன்வெர்ட்டர் லைனில் டிம்மர்

சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் டிம்மர் விளக்குகளை அந்த லைனில் சேர்க்காதீர்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு டிம்மர் இல்லாத விளக்கு ஒன்று தனியாக இருக்கட்டும்.