ஏர் பிஸ்டலுக்கு எந்த பெல்லட் செட் ஆகும்? வீட்டுலயே தரம் பிரிச்சு டெஸ்ட் பண்ற முறை

மக்களே, மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல வெண்கலம் வாங்குனதுல இருந்து எங்க கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைங்க கேக்குற கேள்வி எல்லாம் "அண்ணே எந்த பிஸ்டல் வாங்கட்டும்"தான், அதுல போடுற சின்ன ஈயக் குண்டு, அந்த பெல்லட்ட பத்தி ஒருத்தரும் கேக்குறது இல்ல. ஆனா அதே பிஸ்டல், அதே கை, பெல்லட் டப்பாவ மட்டும் மாத்துனா பேப்பர்ல குரூப், அதாவது ஓட்டைங்க பரவி விழுற அகலம், பாதியா சுருங்கும், இல்லன்னா ரெண்டு மடங்கா விரியும். அதனால பெல்லட் பாக்குறத முதல்ல படிச்சுக்கிடுங்க.

அமெரிக்கால ரிவால்வர் தோட்டாவ வீட்டுலயே கொறஞ்ச மருந்து போட்டு டார்கெட்டுக்குன்னு லோட் பண்ற வீடியோ நெறைய வருது, அத பாத்துட்டு இங்க யாரும் கை வைக்காதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க தனி லைசென்ஸ் வேணும், ரிவால்வர் லைசென்ஸ் கையில இருந்தாலும் அது தயாரிக்கறதுக்கு ஆகாது. நம்மளுக்கு ஏர்கன் போதும், 2016 ரூல்ஸ் படி போர், அதாவது குழலோட உள் அகலம், புள்ளி 177 இஞ்சுக்கு மேல போகாம, சுடுற சக்தி 20 ஜூலுக்கு உள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம். மேட்ச் ஏர் பிஸ்டல் செகண்டுக்கு சுமார் 150 மீட்டர் வேகம், 0.45 கிராம் பெல்லட், கணக்கு போட்டா 5 ஜூல்தான் வரும். அதுக்காக தேரூர் குளத்துப் பக்கம் எடுத்துட்டுப் போயி கொக்கு, நாரைய குறி பாக்குற வேலையே ஆகாது, அது வனவிலங்கு சட்டத்துல கேஸ், அந்த எடம் 2022ல ராம்சார்ங்கற உலக ஈரநில லிஸ்ட்ல சேந்த எடம் வேற.

முதல்ல வாங்குறது. தலை தட்டையா இருக்கிற வாட்கட்டர் பெல்லட் மட்டும் வாங்குங்க. கூர் தலை, உருண்டை தலை பேப்பர கிழிச்சுட்டு போவும், தட்டைத் தலை வட்டமா வெட்டி எடுக்கும், ஓட்டை கோட்ட தொட்டா கூடுதல் பாயிண்ட்டுங்கறதால சுத்தமான வட்டம் முக்கியம். பிஸ்டலுக்கு 7 கிரெய்ன், அதாவது 0.45 கிராம். ரைஃபிளுக்கு 8.2 கிரெய்ன், 0.53 கிராம். டப்பாவுல 4.49, 4.50, 4.51ன்னு தலையோட சைஸ் மில்லிமீட்டர்ல போட்டிருக்கும், ஒரே கம்பெனில ரெண்டு மூணு சைஸ், இன்னொரு கம்பெனில ஒண்ணு, இப்படி வாங்குங்க. மொத்தமா பத்து டப்பா எடுத்துராதீங்க, உங்க பிஸ்டல் குழலுக்கு, அந்த பேரலுக்கு எது பிடிக்கும்னு இன்னும் தெரியாது.

அடுத்து கண்ணால பாக்குறது. வெள்ளப் பேப்பர் விரிச்சு அதுல மெல்ல கொட்டுங்க, ஈயம் ரொம்ப மென்மையானது, டம்முனு கொட்டுனா அதுலயே நசுங்கிரும். சமையல் பாத்திரம், சாப்பாட்டுத் தட்டு வேண்டவே வேண்டாம். ஒவ்வொண்ணா எடுத்து பின்பக்க விளிம்ப வெளிச்சத்துல பாருங்க, அந்த மெல்லிசான ஸ்கர்ட்தான் காத்து தள்ளும்போது விரிஞ்சு பேரல அடைக்குது, அதுல ஒரு சின்ன சொட்ட இருந்தாலும் காத்து ஒழுகும், வேகம் கொறையும், குரூப் மேலயும் கீழயுமா இழுக்கும். சொட்ட விழுந்தத, பிசிறு நிக்கிறத தனியா போடுங்க, கை பழகுறதுக்கு சுடும்போது ஆவும்.

அதுக்கப்புறம் ஒரு கண்ணாடித் துண்ட லேசா சரிச்சு வச்சு மேல இருந்து ஒவ்வொண்ணா உருட்டி விடுங்க. தலையும் ஸ்கர்ட்டும் ஒரே அகலம் கெடையாதுங்கறதால நேரா வராது, வளைஞ்சு வரும், எல்லாம் ஒரே எடத்துல வந்து விழணும். சிலது மட்டும் வேற வளைவுல ஓரமா போவும் பாருங்க, அதோட அளவு மத்ததோட ஒத்துப் போகல, ஒதுக்கிருங்க. காசே செலவு இல்லாத இந்த டெஸ்ட நான் எட போடுறத விட பெருசா நினைக்கிறேன்.

எட போடுறது. இதுக்கு மில்லிகிராம் காட்டுற தராசு வேணும். வடசேரில கோயில் நகை செய்யிறவங்க கிட்ட அப்படி தராசு இருக்கும், தெரிஞ்சவங்கன்னா கேக்கலாம், ஆனா தட்டுல நேரா வைக்காதீங்க, பேப்பர் போட்டு ஜீரோ பண்ணிட்டு வைங்க, துளி ஈயம் தங்கத்துல கலந்தாலும் தங்கம் நொறுங்க ஆரம்பிச்சிரும், அவங்க பொழப்பு அது. 5 மில்லிகிராமுக்கு மேல வித்தியாசம் உள்ளத பிரிச்சா போதும். புதுசா பழகுறவங்க இத விட்டுட்டாலும் ஒண்ணும் நஷ்டம் இல்ல, 10 மீட்டர்ல எட வித்தியாசத்த விட உங்க கை ஆட்டம் பெருசு.

எண்ண தடவுனா நல்லா போவும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. தேங்காண்ணயோ மண்ணெண்ணயோ பட்ட பெல்லட்ட ஸ்பிரிங் ஏர்கன்ல போட்டா உள்ள அழுத்தத்துல எண்ண தீப்பிடிச்சு டப்புனு வெடிக்கும், சீல் போயிரும்.

இனி பேரல கேக்கணும். மூடின எடமா பாருங்க, ஆரல்வாய்மொழி காத்துல திறந்த வெளில டெஸ்ட் பண்ணி ஒரு பிரயோசனமும் இல்ல. துல்லியமா 10 மீட்டர் டேப் வச்சு அளந்து பேப்பர மாட்டுங்க. பின்னால மரப்பெட்டிக்குள்ள பழைய நியூஸ் பேப்பர இறுக்கி அடுக்கி வைங்க, வெறும் செவுத்துல சுட்டா திரும்பி வரும், கண்ணாடி போடாம யாரும் அந்த ரூம்ல நிக்கக் கூடாது. சுடுற நேரம் தவிர விரல் ட்ரிகருக்கு வெளிய.

பிஸ்டல மணல் பைல நல்லா அணைச்சு வச்சுக்கிடுங்க. பெல்லட் மாத்துனதும் முதல் பத்து ஷாட் கணக்குல சேக்காதீங்க, பேரல் புது ஈயத்துக்குப் பழகணும். பிறகு அஞ்சு அஞ்சா அஞ்சு குரூப், ஒவ்வொண்ணுக்கும் புது பேப்பர், ஓரத்துல டப்பா பேரும் சைஸும் எழுதிருங்க. நடுவுல விழலன்னு குறி பாக்குற சைட்ட திருப்பாதீங்க, எங்க விழுதுங்கறது இப்ப விஷயம் இல்ல, எவ்வளவு பக்கத்துல பக்கத்துல விழுதுங்கறதுதான். தூரமா இருக்கிற ரெண்டு ஓட்டையோட வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு அளந்து அதுல பெல்லட்டோட அகலம் 4.5 மில்லிமீட்டர் கழிங்க, அதுதான் குரூப் சைஸ். ஒரு நல்ல குரூப்ப மட்டும் பாத்து மயங்காம அஞ்சுக்கும் சராசரி எடுங்க. பிஸ்டல் டார்கெட்ல 10 வளையம் 11.5 மில்லிமீட்டர், மொத்த குரூப்பும் அதுக்குள்ள அடங்குனா கொள்ளாம், அந்த பெல்லட்ட எடுத்துக்கிடுங்க, வெல கூடுனதுதான் ஜெயிக்கும்னு எந்த கட்டாயமும் இல்ல.

வேல முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, பெல்லட்ட வாயில கடிச்சு வச்சுக்கிட்டு லோட் பண்ற பழக்கம் சிலருக்கு உண்டு, ஈயம் விஷம், சின்ன பிள்ளைங்களுக்கு இன்னும் மோசம். பெட்டி பக்கத்துல விழுந்த தூள வாரியலால பெருக்காம ஈரத்துணியால தொடைச்சு எடுங்க.

நம்ம ஊர்ல ரெண்டு மழையும் உண்டு, குளச்சல், முட்டம் பக்கம்னா உப்புக் காத்து வேற. டப்பாவ சும்மா வச்சா ஈயத்து மேல வெள்ளையா பூத்துரும், அப்படி பூத்தத பேரல்ல போடக் கூடாது. இறுக்கமா மூடுற டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டு வைங்க. கடைசியா, டப்பா அடியில லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில செஞ்ச தொகுதியோட நம்பர் இருக்கும், ஜெயிச்ச டப்பாவோட நம்பர போட்டோ எடுத்து கடைக்காரருக்கு அனுப்பி அதே நம்பர்ல இன்னும் நாலு டப்பா இருக்கான்னு அன்னைக்கே கேட்டுருங்க, வேற லாட்னா மறுபடியும் மணல் பைல இருந்து ஆரம்பிக்கணும்.