பக்கவாதம் வந்தவர் தானே சட்டை போட

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கு நாமே சட்டை மாட்டி, சோறு ஊட்டிவிடுவதுதான் அன்பு என்று நினைத்துவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்குபவர்) இதற்கு நேர் எதிராகச் சொல்லிக்கொடுப்பார்: அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும், நேரம் ஆனாலும் பரவாயில்லை.

சட்டையில் ஆரம்பியுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையை மடியில் விரித்துக்கொடுங்கள்; பலவீனமான கையை நல்ல கையால் தூக்கி முதலில் நுழைத்து, தோள்வரை இழுத்துவிட்ட பிறகுதான் நல்ல கை உள்ளே போக வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். அந்தப் பலவீனமான கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு வலி வந்துவிடும். எங்கள் அப்பாவுக்கு முதல் நாள் 20 நிமிடம் ஆனது, கூடவே உட்கார்ந்திருந்தோம்.

சாப்பிடும்போது தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள். ஸ்பூன் காம்பில் துணியைத் தடிமனாகச் சுற்றினால் பிடிக்க எளிது.

அப்புறம், டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டுக் கழிப்பறை, படி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வாசல் அகலத்தையும் அளந்து தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். கைப்பிடி எந்தப் பக்கம், எந்த உயரத்தில் என்று சொல்லிவிடுவார். யாரும் உங்களைத் தெரபிஸ்ட்டிடம் அனுப்பவில்லை என்றால் நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.