ஜூனியர் கோல்ஃப் போட்டியில் உங்கள் குழந்தைக்குக் கேடியாகச் செல்லும்போது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள பைன்ஹர்ஸ்ட் வட்டாரத்தில், கோடைக்காலத்தில் நடைபெறும் யு.எஸ். கிட்ஸ் கோல்ஃப் உலகப் போட்டியில், ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் பின்னால் கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) பையைச் சுமந்தபடி ஒரு பெரியவர் நடந்து வருவதைக் காணலாம். அவர்தான் கேடி. பெரும்பாலும் அது அப்பாவாகவோ அம்மாவாகவோதான் இருக்கும். மற்ற விளையாட்டுகளில் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டிய பெற்றோர், இங்கே ஆட்டத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கு முன்பும் குழந்தையோடு பேச அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது என்பதைக் கற்பதே இந்த வேலையின் பெரும்பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில், பதிவு செய்யும்போதே போட்டியின் நிபந்தனைகளை முழுமையாகப் படியுங்கள். கேடியே கூடாது என்று விதிக்கும் ஜூனியர் போட்டிகள் பல உண்டு. குழந்தைகளின் வயது கூடக் கூட அத்தகைய போட்டிகளே அதிகமாகின்றன. தொலைவு அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள். அனுமதி இருந்தாலும், மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை அணைத்துவிட வேண்டும். பையில் 14 கிளப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது. சிறு குழந்தைக்கு அத்தனையும் தேவைப்படாது என்பதால், உண்மையில் பயன்படுத்தும் கிளப்புகளை மட்டும் வைத்தால் தேர்வும் எளிதாகும், உங்கள் தோளும் தப்பும்.

விதிகளைக் கேடி அறிந்திருப்பது மிக முக்கியம், ஏனெனில் நீங்கள் செய்யும் மீறலுக்கான தண்டனை அடிகள் குழந்தையின் கணக்கில்தான் சேரும். ஆட்டக்காரர் தன் கேடியிடம் மட்டுமே ஆலோசனை கேட்கலாம்; உடன் ஆடும் குழந்தையிடம் "நீ எந்த அயர்ன் எடுத்தாய்?" என்று உங்கள் மகள் கேட்டாலே 2 அடிகள் தண்டனை (அயர்ன் என்பது கிளப்பில் ஒரு வகை). பையைச் சுமப்பது, கொடிக்கம்பத்தைப் பிடிப்பது, பங்கர் எனப்படும் மணல் பள்ளத்தைச் சமன்செய்வது, குழியைச் சுற்றிப் புல் குட்டையாக வெட்டப்பட்ட கிரீனில் பந்து விழுந்த தழும்பைச் சரிசெய்வது, கிரீனில் பந்தின் இடத்தைக் குறித்துவிட்டு எடுத்துத் துடைப்பது ஆகிய அனைத்தையும் கேடி செய்யலாம். ஆனால் நிவாரணம் (விதிப்படி பந்தை வேறிடத்துக்கு மாற்றி ஆடுவது) பெறும்போது பந்தைக் கீழே விடுவது ஆட்டக்காரரின் கையால்தான் நடக்க வேண்டும். நிவாரணம் எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் கருத்துச் சொல்லலாம். முடிவெடுக்க வேண்டியது குழந்தை. காணாமல் போன பந்தைத் தேட 3 நிமிடங்களே உண்டு. பைன்ஹர்ஸ்ட் போன்ற இடங்களில் உதிர்ந்த பைன் ஊசியிலைகளுக்கு நடுவே பந்து கிடந்தால், இலைகளை அகற்றலாம். அகற்றும்போது பந்து நகர்ந்துவிட்டால் 1 அடி தண்டனை என்பதால், கை வைக்கும் முன் இருவரும் நிதானிக்க வேண்டும்.

பெற்றோர் அதிகம் சறுக்கும் இடம் இன்னொன்று. 2019-இல் மாற்றியமைக்கப்பட்ட விதிகளின்படி, ஆட்டக்காரர் அடிப்பதற்கான நிலைக்கு வரத் தொடங்கிய நேரத்திலிருந்து, பந்து போக வேண்டிய கோட்டைப் பந்துக்குப் பின்னால் நீட்டினால் வரும் இடத்தில் அல்லது அதற்கு நெருக்கமாக, எந்தக் காரணத்துக்காகவும் கேடி வேண்டுமென்றே நிற்கக் கூடாது; தண்டனை 2 அடிகள். ஏழு வயதுக் குழந்தையின் கால்கள் கொடிக்கு இடப்புறம் திரும்பியிருப்பதைக் கண்டால், பின்னால் சென்று "கொஞ்சம் வலது" என்று சொல்லத்தான் மனம் துடிக்கும். கிரீனில் அந்த ஆசை இன்னும் கூடும். இருவரும் சேர்ந்து குனிந்து சரிவைப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்து முடித்ததும் நீங்கள் பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். குறிபார்க்கும் பழக்கத்தைப் பயிற்சிக் களத்திலேயே குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் தவிப்பே எழாது.

போட்டிக்கு முந்தைய பயிற்சிச் சுற்றில், ஒவ்வொரு கிளப்பிலும் பந்து தரையில் விழும் தொலைவை ஒரு சிறு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மிகச் சிறப்பாக அடித்த அடியை எழுதாதீர்கள், வழக்கமாக விழும் தொலைவையே எழுதுங்கள். ஒவ்வொரு ஹோலிலும் (தொடக்க இடத்திலிருந்து குழிவரையான பகுதி) பந்து எந்தப் பக்கம் போனால் மீள்வது கடினம் என்பதையும் அதே அட்டையில் குறித்துக்கொண்டால், போட்டி நாளில் உங்கள் பேச்சு பாதியாகக் குறையும்.

அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். கொடிக்கு 80 கெஜம், நடுவில் ஒரு பங்கர், பந்து நல்ல புல்லில் கிடக்கிறது. "80, பங்கரைத் தாண்ட 70 வேண்டும். என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "ஏழு அயர்ன் போதுமாப்பா?" என்று பதில் வரும். போதும் என்றால், "போதும்டா, அடி" என்று சொல்லிக் கிளப்பைக் கொடுத்துவிட்டு நான்கு எட்டு விலகி அசையாமல் நில்லுங்கள். போதாது என்று உங்களுக்குத் தோன்றினால், காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி, மீண்டும் முடிவை அவனிடமே விடுங்கள். அரைமனதோடு பிடித்த சரியான கிளப்பைவிட, முழு நம்பிக்கையோடு பிடித்த சற்றே தவறான கிளப் குழந்தையின் கையில் நன்றாக வேலை செய்கிறது. முழங்கையை மடக்காதே, தலையைத் தூக்காதே என்ற திருத்தங்களுக்குச் சுற்றின் நடுவே இடமே இல்லை. அவை பயிற்சியாளருக்கும் அடுத்த வாரத்துக்கும் உரியவை.

மோசமான அடிக்குப் பிறகு குழந்தை முதலில் பந்தைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். பெருமூச்சும் தலையாட்டலும்கூடத் திட்டியதாகவே போய்ச் சேரும். கிளப்பை வாங்கித் துடைத்துப் பையில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். அழுகை வந்தால் அழ விடுங்கள். பந்தை நெருங்கிய பிறகு அடுத்த அடியைப் பற்றி மட்டும் கேளுங்கள். பசியும் வெயிலும் பல நேரங்களில் கோபமாக வெளிப்படுவதால், தாகம் என்று சொல்லும் முன்பே தண்ணீரும், சில ஹோல்களுக்கு ஒருமுறை வாழைப்பழம் போன்ற சிறு தீனியும் கொடுங்கள். வட கரோலினாவின் கோடை மாலைகளில் இடிமழை திடீரென வரும். ஒரே நீண்ட சைரன் ஒலித்தால் ஆட்டத்தை அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சுற்று முடிந்ததும், ஒவ்வொரு ஹோலின் எண்ணிக்கையையும் குழந்தை தன் வாயால் சொல்லி, மதிப்பெண் அட்டையில் உள்ளதோடு ஒப்பிட்டு, தானே கையெழுத்திடட்டும். ஹோல் வாரியான எண்கள் சரியாக இருப்பதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு. கூட்டுத்தொகை போட்டிக் குழுவினரின் வேலை. உண்மையில் அடித்ததைவிடக் குறைவான எண்ணோடு அட்டை போய்ச் சேர்ந்தால் தகுதிநீக்கம் வரை போகலாம் என்பதால், இந்த ஐந்து நிமிடங்களை அவசரப்படுத்தாதீர்கள். ஆட்டத்தைப் பற்றிய பேச்சைக் குழந்தையே தொடங்கும்வரை, காரில் திரும்பும்போது நீங்கள் தொடங்க வேண்டாம்.